தலைகீழ் முகம் வைத்த ரொட்டிக் குழந்தை

"பதினொரு நாள் எல்லாம் ஒரு கணக்கா? போன வருஷம் நாப்பது நாள் தள்ளிப்போச்சே, மறந்துட்டியா?"

"அது மருந்து பண்ணின வேலை, அண்ணி. டாக்டரே சொன்னாங்க."

"இதுவும் மருந்தா இருந்தா? கை மாவுல இருக்கட்டும், மனசு தரையில இருக்கட்டும்."

லுஸ்மிலாவின் கை மாவில்தான் இருந்தது. மனசுதான் விடிந்ததிலிருந்து மிஸ்தி மலையின் உச்சிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. நவம்பர் முதல் தேதி, புனிதர்கள் எல்லாருக்குமான திருநாள். பெரு நாட்டின் அரெகிப்பா நகரம் முழுக்க அடுப்புகளில் ரொட்டிக் குழந்தைகள் வெந்துகொண்டிருந்தன. அவள் நாத்தனார் நிக்கோலாசாவின் கடையிலும் அப்படித்தான். லுஸ்மிலா மாவைத் துணியில் சுற்றிய பிள்ளை போல உருட்டித் தருவாள். நிக்கோலாசா பெட்டியிலிருந்து வர்ணம் பூசிய சின்னச் சாந்து முகங்களை எடுத்துத் தலைப்பக்கம் பதிப்பாள். சாயங்காலம் தெருவே கூடி அந்த ரொட்டிக்கு விளையாட்டாக ஞானஸ்நானம் செய்யும்.

"பைக்குள்ள என்ன வச்சிருக்க?" என்றாள் நிக்கோலாசா, தலை நிமிராமலே.

"சோதனைக் குச்சி."

"எத்தனாவது?"

"எட்டாவது."

முதல் ஏழும் போன வருஷத்தவை. தைராய்டில் வந்த கட்டியைச் சுரப்பியோடு வெட்டியெடுத்த பிறகு, மிச்சத்தை அழிக்கக் கதிர்வீச்சு அயோடினை விழுங்கக் கொடுத்தார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் அயோடின் கலந்த உப்பே ஆகாது என்றதால், நிக்கோலாசா அவளுக்காக மட்டும் வேறு உப்பில் தனியாக ரொட்டி சுட்டாள். "பணக்காரி ரொட்டி" என்று கேலி செய்துகொண்டே கொடுத்தனுப்பினாள். மருந்துக்குப் பிறகு, அவள் உடம்பிலிருந்து கதிர் பிறர் மேல் படக் கூடாதென்று புருஷன் ஃபெர்மின் வேறு அறையில் படுத்தான். நிக்கோலாசாவின் சின்ன மகள் வாசலுக்கு அப்பால் நின்று கையசைத்தாள். அதெல்லாம் கடந்துவிட்டது. மாதவிலக்குதான் வரவில்லை. ஒரு வருஷம் பிள்ளை உண்டாகக் கூடாது என்று சொல்லியிருந்தும், உண்டாகியிருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் பாதி, உண்டாகியிருக்காதா என்ற ஆசையில் பாதியாகக் குச்சி குச்சியாக வாங்கினாள். எல்லாவற்றிலும் ஒற்றைக் கோடு.

"மருந்து சினைப்பையைக் கொஞ்சம் அசைச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "பெரும்பாலானவங்களுக்கு ஒரு வருஷத்துல சரியாயிடும்."

பெரும்பாலானவங்க. முப்பத்தாறு வயதில் தான் அந்தக் கூட்டத்தில் சேர்த்தியா, வெளியே நிற்கிறவளா என்பது மட்டும்தான் லுஸ்மிலாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பிள்ளை கூடாதென்ற கெடு ஆகஸ்டில் முடிந்திருந்தது. மாதவிலக்கும் ஏழெட்டு மாதமாக நாள் தவறாமல் வந்தது, இந்தத் தடவை தவிர. ஃபெர்மினிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. ஏழாவது குச்சியன்று அவன் ஓட்டிவந்த பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

"போ. போய்ப் பார்த்துட்டு வா," என்றாள் நிக்கோலாசா. "மாவு உப்புறதுக்குள்ள வந்துடு."

கடையின் பின்கட்டில் மூன்று நிமிடம் நின்றாள். வெளியே நிக்கோலாசா தட்டுகளை வேண்டாத சத்தத்தோடு அடுக்கினாள். லுஸ்மிலா திரும்பி வந்து, குச்சியை மாவு படிந்த பலகையில் வைத்தாள்.

இரண்டு கோடு.

நிக்கோலாசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். முகங்களை எடுத்து மளமளவென்று பதித்தாள். தட்டை அடுப்புக்குள் தள்ளினாள். அதன் பிறகுதான் மூக்கை உறிஞ்சினாள்.

"அந்தக் காகிதம் எங்க? டாக்டர் எழுதிக் குடுத்தது."

லுஸ்மிலாவின் பர்ஸில் அது மடிப்பு மடிப்பாக நைந்திருந்தது. கர்ப்பம் உறுதியான அன்றைக்கே தகவல் சொல்ல வேண்டும், தினம் விழுங்கும் தைராய்டு மாத்திரையில் வாரத்துக்கு இரண்டு கூடுதல், தாமதம் கூடாது. குழந்தையின் கழுத்துச் சுரப்பி வேலை தொடங்க மாதக்கணக்காகும், அதுவரை தாயினுடையதில்தான் அது பிழைக்க வேண்டும் என்று டாக்டரம்மா விளக்கியிருந்தார். தாய்க்கோ சுரப்பியே இல்லை.

"அப்போ இத்தனூண்டு மாத்திரையிலதான் ரெண்டு பேரும்," என்றாள் நிக்கோலாசா. "போனைப் போடு, பொண்ணே."

லுஸ்மிலா போனைப் போட்டாள். டாக்டரம்மா இரண்டு தடவை "நல்லது, நல்லது" என்றார். நாளைக் காலையிலிருந்தே கூடுதல் மாத்திரை, திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனை என்றார். அதற்குள் ரொட்டி கருகும் வாசனை.

தட்டை வெளியே இழுத்தார்கள். மூன்று குழந்தைகளுக்கு முகம் தலைகீழாக இருந்தது. மோவாய் மேலே, நெற்றி கீழே.

"உன்னாலதான்டி," என்று நிக்கோலாசா சிரித்துக்கொண்டே அழுதாள்.

சாயங்காலம் தெருவில் நாற்காலி போட்டார்கள். வருஷா வருஷம் போல ஃபெர்மின்தான் ஞானஸ்நானம் கொடுக்கும் சாமியார். மேலே அங்கிக்குப் பதில் பழைய ஜன்னல் திரை, கையில் சிச்சா என்ற சோளக் கள்ளில் தோய்த்த கீரைத்தண்டு. தலைகீழ் முகம் வைத்த ரொட்டிகளை யாரும் தொடவில்லை. லுஸ்மிலா அதில் ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இந்தப் பிள்ளை உலகத்தைத் தலைகீழாப் பார்க்குதே," என்றான் ஃபெர்மின். "அப்பன் பஸ் டிரைவரோ?"

தெரு சிரித்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சடங்குக் கேள்விக்கு வந்தான். ரொட்டியைத் தூக்கிவரும் எல்லாத் தாய்மாரும் இதற்கு ஏதாவது குறும்பாகச் சொல்வார்கள். போன வருஷம் ஒருத்தி குறட்டை விடாத புருஷன் வேண்டும் என்றாள்.

"தாயே, இந்தக் குழந்தைக்காக என்ன கேக்குற?"

நிக்கோலாசா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

"ஜூன் கடைசியில உங்க பஸ்ஸுக்கு ஒரு மாசம் லீவு வேணும், சாமி," என்றாள் லுஸ்மிலா.

மறுபடி சிரிப்பு. ஃபெர்மினும் சிரித்தபடி கீரைத்தண்டை ஓங்கினான். அவள் நகரவில்லை. சிரிப்பு முழுவதும் அடங்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு ரொட்டியை ஒரு கைக்கு மாற்றி, மற்றக் கையைத் தன் அடிவயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் இன்னொரு தடவை கேட்டாள்:

"ஃபெர்மின், ஜூன் கடைசியில. லீவு போடுவியா?"