கவர்க்கல் இறக்கம்

மஞ்சள் மழைக்கோட்டு மட்டும் தெரிகிறது, அதற்குள் இருக்கும் என் தம்பி தெரியவில்லை, மூடுபனி அவன் சைக்கிளை, கால்களை, தலையை எல்லாம் விழுங்கிவிட்டு அந்த மஞ்சளை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது, அது வளைவில் திரும்பி மறையும்போதெல்லாம் என் அடிவயிற்றின் வலப்பக்கம் சில்லிட்டுப் போகிறது, அங்கேதான் அவனுடைய சிறுநீரகம் இருக்கிறது, அவன் உடம்பிலிருந்து எடுத்து எனக்குள் வைத்துத் தைத்து மூன்று வருடங்களாகின்றன, அது ஒழுங்காக வேலை செய்கிறது, திருமூர்த்தி, மெதுவாகப் போடா என்று கத்த வாயெடுக்கிறேன், கத்தவில்லை, இந்த மூன்று வருடங்களில் நான் அவனிடம் குரல் உயர்த்தியதே இல்லை.

காலையில் பொள்ளாச்சியில் கிளம்பும்போது வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது, தென்னந்தோப்புகளைத் தாண்டி ஆழியாறு வருவதற்குள் வெயில் முதுகைச் சுட ஆரம்பித்துவிட்டது, சோதனைச் சாவடியில் வனக்காவலர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, சைக்கிள்லயா மேல போறீங்க, பொழுதோட போய்ச் சேந்துருங்க, யானை நிக்குமுங்க என்றார், போயிருவோமுங்க என்றான் திருமூர்த்தி, இந்தப் பயணமே அவன் முடிவுதான், டாக்டரே சரின்னுட்டாருண்ணா, வால்பாறை போலாம் என்று வந்து நின்றான், எனக்குத் துளியும் விருப்பமில்லை, சரி என்றேன், எல்லாவற்றுக்கும் சரி, அவன் சொன்ன பச்சையைத்தான் வீட்டுக்கு அடித்தேன், அவன் கைகாட்டிய கல்லூரியில்தான் மகளைச் சேர்த்தேன், அவள் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, முன்பெல்லாம் நான் இப்படியில்லை, அவனைவிட எட்டு வயது மூத்தவன், அவன் மீசை வைத்தால் மீசையைத் திட்டுவேன், எடுத்தால் எடுத்ததற்குத் திட்டுவேன், அவனும் சளைக்காமல் வாயாடுவான், ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளியத் தெளிய, திரைக்கு அந்தப்பக்கம் அவன் வலியில் முனகியது காதில் விழுந்தது, அது அவன்தானா கனவா என்று இன்றும் தெரியாது, ஆனால் அன்றிலிருந்து அவன் எது சொன்னாலும் முதலில் அந்த முனகல் கேட்கிறது, அப்புறம் என் வாய் தானாகவே சரி என்கிறது, இப்போது கொண்டை ஊசி வளைவுகளில் காற்று திரும்பும்போதும் அதே முனகல், சாலையோரக் குட்டைச் சுவரில் வரையாடு ஒன்று நின்று நாங்கள் மூச்சிரைப்பதை வேடிக்கை பார்க்கிறது, வெயிலோடு தூறல் விழுகிறது, தூறல் நிற்கிறது, அட்டகட்டி தாண்டியதும் குளிர், தேயிலைச் சரிவுகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் போகின்றன, நாங்களும் போகிறோம்.

கவர்க்கல்லில் இடி இறங்கியது, தேயிலைக்கு நடுவே மின்னல் வெள்ளையாக வெட்டியதும் நாங்கள் பேருந்து நிழற்குடைக்குள் ஒண்டினோம், மழை தகரத்தை அடித்த அடியில் அவன் பேசியது பாதிதான் கேட்டது, இனி இறக்கம்தாண்ணா, நின்னா இருட்டிப்போயிரும், போயிரலாம் என்றான், இந்த மழையில் இறங்கக்கூடாது என்று எனக்குத் தெரிகிறது, அவனுடைய பின் பிரேக் கட்டை தேய்ந்திருப்பதையும் காலையிலேயே பார்த்தேன், சரி என்கிறேன், கிளம்புகிறோம், தண்ணீர் சாலையை மறைத்து ஓடுகிறது, முதல் வளைவு போனது, இரண்டாவதும் போனது, அடுத்ததில் அவன் பின்சக்கரம் வழுக்கி, சைக்கிள் ஒரு பக்கம் சறுக்க அவன் இன்னொரு பக்கம் உருண்டு, தடுப்புச் சுவரில் விலா மோதிக் கிடந்தான், வலது விலா, அவனிடம் மிச்சமிருக்கிற ஒன்று இருக்கும் பக்கம்.

நான் சைக்கிளை எங்கே போட்டேன் என்று நினைவில்லை, அவனைத் தூக்கி உட்காரவைத்தது நினைவிருக்கிறது, ஒண்ணுமில்லண்ணா என்று அவன் சிரிக்க முயன்றதும், அதைப் பார்த்து எனக்குள் ஏதோ அறுந்ததும் நினைவிருக்கிறது, அறிவிருக்குதாடா உனக்கு, இந்த மழைல எவனாச்சும் இந்த வேகத்துல இறங்குவானா, கட்டை தேஞ்சு கிடக்குது, அதக்கூடப் பாக்காம என்ன மயித்துக்கு மலையேற வந்த, கத்துகிறேன், மழையை மீறிக் கத்துகிறேன், நிறுத்த முடியவில்லை, ஒரு பச்சை அடிக்கச் சொன்னியே, வீடாடா அது, தவளை மாதிரி உக்காந்திருக்குது, என்ற புள்ள எங்கூடப் பேசறதில்லடா உன்னால, அவன் வாய் திறந்தபடி என்னைப் பார்த்தான், புடிக்கலீன்னா அன்னைக்கே சொல்றதுக்கென்னண்ணா என்றான், எப்படிடா சொல்லுவேன் உங்கிட்ட என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் விலாவைப் பிடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான், நான் வந்தா சேர் எடுத்துப் போடற, அண்ணியப் பலகாரம் வெக்கச் சொல்ற, நான் என்ன பொண்ணு பாக்கவா வர்றேன், சண்டை போடக்கூட ஆளில்லாமப் போச்சுண்ணா எனக்கு, என்ன சொன்னாலும் சரிங்கற, வேணும்னேதான் அந்தப் பச்சையச் சொன்னேன், அதுக்காவது திட்டுவீன்னு, நான் அவனை அறையக் கையை ஓங்கினேன், அந்தக் கை அவன் தலையைத் துவட்டப் போனது, முதல்ல ஒண்ணுக்குப் போடா, ரத்தம் வருதான்னு பாரு என்றேன், அவன் நொண்டியபடி தேயிலைச் செடி ஓரமாகப் போய் நின்றான், மழைல எப்படிண்ணா தெரியும் என்றான், பாட்டில்ல புடிடா என்றேன், பிடித்தான், இருவரும் அந்தப் பாட்டிலை வானத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தங்கம் உரசிப் பார்ப்பவர்களைப்போல அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தோம், சுத்தமா இருக்குதுண்ணா என்றான், நான் நனைந்த சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன், அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான், யார் முதலில் சிரித்தோம் என்று தெரியவில்லை.

மழை விட்டதும் சைக்கிள்களை உருட்டிக்கொண்டே இறங்கினோம், அது நான் சொன்னது, அவன் முனகிக்கொண்டே கேட்டுக்கொண்டான், பனி கிழிந்து கீழே வால்பாறையின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய என் நெஞ்சுக்கூட்டில் எத்தனையோ நாளாக மடங்கிக் கிடந்த எதுவோ நிமிர்ந்துகொண்டது, ஊருக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்த கிளினிக்கில் அவனைக் காட்டினோம், டாக்டரம்மா விலாவை அழுத்திப் பார்த்துவிட்டு, வெறும் அடிதான், ஊருக்குப் போனதும் ஒரு ஸ்கேன் எடுத்துக்குங்க என்றார், எதிர்க் கடையில் டீ குடித்தோம், நாளைக்கு பஸ்ஸுதான், சைக்கிளை மேலே கட்டிரலாம் என்றேன், சைக்கிள்லதான் இறங்கோணும் என்றான், கட்டை தேஞ்சிருக்குதுடா என்றேன், மாத்திக்கலாம்ணா என்றான், ஸ்கேனு என்றேன், மத்தியானத்துக்குள்ள கீழ இருப்போம் என்றான், கடைக்கார அம்மா வந்து, கதவச் சாத்தோணுமுங்க, வெளிய போய்ச் சண்டை போடுங்க என்றார், வெளியே வந்தோம், குளிரில் வாயிலிருந்து ஆவி பறக்கப் பறக்க, பஸ்தாண்டா என்றேன், இன்னும் சத்தமாக.