அழுத்தியும் போகாத விண்ணப்பம்

அண்ணனுக்கு வாய் நீளம். கம்ப்யூட்டர் படித்தவன், வீட்டில் சம்பாதிக்கிறவன் அவன் ஒருவன்தான் என்பதால் அந்த வாயை யாரும் அடக்கியதில்லை. தங்கையை "மக்கு" என்றுதான் கூப்பிடுவான். அவளும் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அவள் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக் காத்திருந்தாள். வயது வரம்பு இருப்பதால் அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். ஒரே ஒரு நாள்; காலை ஒன்பதிலிருந்து பகல் பன்னிரண்டு வரை வெப்சைட்டில் அனுப்ப வேண்டும். பயிற்சிப் பள்ளிக்கு அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்தது அண்ணனின் கம்பெனி. விண்ணப்பப் பக்கத்தை எழுதியதே அண்ணன்தான்.

முந்தின நாள் மேனேஜர், "பக்கம் ஆமை மாதிரி நகருதேப்பா" என்று சலித்துக்கொண்டார். அண்ணன் செட்டிங்ஸில் 'கேஷ்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டான். அதன்பின் சர்வர் ஆளுக்கு ஆள் பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்காது. முதலில் வந்தவருக்குத் தயாரித்ததைச் சேமித்து வைத்துக்கொண்டு, பத்து நிமிஷம்வரை வருகிறவர்களுக்கெல்லாம் அதையே நீட்டும். பக்கம் பறந்தது. டீம் லீடர் வேலை உனக்குத்தான் என்று மேனேஜர் முதுகில் தட்டினார்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, எல்லாம் நிரப்பிட்டேன். 'அனுப்பு'ங்கிறதை அழுத்தினா ஒண்ணுமே நடக்கல."

அண்ணன் தன் மெஷினில் அழுத்திப் பார்த்தான். ஜோராகப் போனது.

"எனக்கு நல்லாத்தானே வேலை செய்யுது? உன் கை பட்டா எதுதான் துலங்கும்?"

புகார் போன்களை எடுக்கும் பெண்ணும் அதே புகாரோடு வந்து நின்றாள். "அவங்கவங்க மெஷின்ல கோளாறு, மூடித் திறக்கச் சொல்லு" என்று அவளையும் விரட்டினான்.

பதினொன்றே முக்காலுக்குத் தங்கை மறுபடி அழைத்தாள். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலும் நடக்கவில்லையாம். குரல் உடைந்திருந்தது.

"ஒரு பட்டனை அழுத்தத் தெரியல, நீ ஊசி போட்டு யாரைக் கொல்லப் போற? வை போனை!"

பன்னிரண்டரைக்கு மேனேஜர் வந்தார். "பதினேழு விண்ணப்பம்தான்ப்பா வந்திருக்கு. ஐந்நூறு வரும்னு சொல்லியிருந்தாங்க."

அப்போதுதான் அண்ணன் முதல் தடவையாக லாக்-அவுட் செய்து, ஊரார் பார்ப்பது போலப் பக்கத்தைப் பார்த்தான். அழுத்தினான். அசையவில்லை.

கம்பெனி ஆளாக லாக்-இன் செய்தவனுக்கு கேஷ் கிடையாது. அவனுக்கு மட்டும் எப்போதும் புதுப் பக்கம். பட்டனை இயக்கும் ஸ்கிரிப்ட், பக்கம் தயாராகும் நேரத்தில் தனியாக வந்து சேர்வது. சேமித்து வைத்த பக்கத்தில் அது இல்லை. கடிதத்தை நகலெடுத்தவன், கூட இருந்த இணைப்பை விட்டுவிட்ட கதைதான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை முதலில் நுழைந்தவருக்கு மட்டும் எல்லாம் கிடைத்திருக்கிறது. அந்த அதிர்ஷ்டசாலிகள்தான் பதினேழு பேர்.

டிக்கை எடுத்தான். பட்டன் வேலை செய்தது.

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பள்ளியிலேர்ந்து கேக்கறாங்க. தப்பு நம்ம பக்கம்னு எழுதிக் கொடுத்தா நாளைக்கு ஒரு நாள் திறந்து வைப்பாங்களாம். நம்ம தப்பா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும், தங்கைக்கு ஒரு நாள் கிடைத்துவிடும். அவள் முகம் அவன் கண்ணுக்குள் வராமல் இல்லை. டீம் லீடர் வேலையும் வந்தது.

"இல்ல சார். பக்கம் சரியில்லன்னா அந்தப் பதினேழு பேர் எப்படி அனுப்பினாங்க?"

பாவிக்கு நாக்குக் கூசவில்லை. மேனேஜர் அதையே பள்ளிக்குப் போனில் சொன்னார்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கை முகம் வீங்கி, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா தட்டை வைத்தபடி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏம்பா, அந்தப் பக்கத்துலயே ஏதாவது கோளாறு இருந்திருக்குமோ?"

அவன் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"சும்மா இரும்மா. அண்ணன் செஞ்சது எப்படிக் கெடும்? நான்தான் என்னமோ தப்பா அழுத்தித் தொலைச்சிட்டேன்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "வேலை நேரத்துல உன்னை ரெண்டு தடவை தொந்தரவு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோண்ணா."

"சரி, விடு" என்று அவன் மன்னித்தான்.