பித்தந்தீர்த்த முனியின் பிறந்தநாள்

கடவுளைப் படைத்தவன் மனிதன். அச்சமே அந்தப் படைப்பின் தாய். இந்த மாபெரும் உண்மையை நானூறு பக்க ஆய்வேட்டில் நிறுவியிருந்த விரிவுரையாளர் கோகுல்ராஜுக்கு, பழனியில் கோடைக்கானல் பஸ் ஏறினால் போதும், வழியில் வாந்தி வந்துவிடும்.

புறத்தேர்வாளர் சேனாதிபதி கறாராகச் சொல்லிவிட்டார். மனிதன் படைத்தான் என்கிறீர்களே, எந்தச் சாமியை, எந்த நாளில்? ஒன்றே ஒன்றைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. பத்து வருட உழைப்பு. 'முனைவர்' போட்ட பெயர்ப்பலகை வேறு முன்கூட்டியே செய்து, பீரோவுக்குப் பின்னால் கிடந்தது.

பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் புதுச்சாமி முளைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, புளிப்பு மிட்டாயைக் கன்னத்தில் அடக்கியபடி போய் இறங்கினார். தலையணை அளவுக் கல், மஞ்சள் குங்குமம், தகரக் கூரை. பக்கத்தில் கிளாவரைப் பூண்டும் எலுமிச்சம்பழமும் விற்றுக்கொண்டிருந்தாள் இருளாயி. பித்தந்தீர்த்த முனியாம். பழம் வைத்தால் மலைப்பாதையில் குமட்டாதாம். சுற்றுலா வேன்கள் வரிசைகட்டி நின்றன.

எப்போதிருந்து என்று கேட்டார்.

"போன தைப்பூசத்தன்னைக்குங்க சார். வெள்ளனே வாரப்ப ஒண்ணுமில்ல. மத்தியானம் பாத்தா கல்லு ஒக்காந்திருக்கு. அடியில தயிர்சாதப் படையல், மாதுள முத்துப் போட்டு. எந்தச் சித்தரு வச்சாரோ."

கோகுல்ராஜின் பேனா சற்று நின்றது. பிறகு விறுவிறுவென்று ஓடியது.

"நீங்களும் ஒரு பழம் வச்சிட்டுப் போங்க. மூஞ்சி வெளிறிக் கெடக்கு."

வைத்தார். ஆய்வுக்காகத்தான். அடிவாரம் வரை, வாழ்க்கையில் முதல்முறையாக, குமட்டவில்லை. அதை ஆய்வேட்டில் சேர்க்கவில்லை.

வாய்மொழித் தேர்வில் நாள், வேளை, இடம், படையல் என்று அடுக்கினார். வைத்தது மனிதன்தான் என்பதற்கு என்ன உறுதி என்று மடக்கினார் சேனாதிபதி.

"நேரடி ஆதாரம் இருக்குதுங்கய்யா. சத்தியமா மனுசன்தான்."

"அச்சத்துலதான் வச்சானா?"

"ரொம்ப அச்சத்துலங்கய்யா."

அந்தக் குரலின் உறுதியில் அசந்துபோய் சேனாதிபதியே எழுந்து கைகுலுக்கினார். அரங்கம் அதிர்ந்தது. பெயர்ப்பலகை வாசலில் ஏறியது. அடுத்த தைப்பூசத்தன்று வளைவில் மேளதாளத்தோடு முனிக்கு முதலாமாண்டு விழா. சிறப்பு விருந்தினர், முனைவர் கோகுல்ராஜ். முனிக்குப் போட்ட அதே அளவில் அவருக்கும் ஒரு மாலை.

முந்தின தைப்பூசத்தன்று பழனி பஸ் நிலையத்தில் மாதுளை போட்ட தயிர்சாதம் சாப்பிட்டதும், அதை அந்த வளைவில் இறங்கிக் கக்கியதும், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மேலே கல்லைத் தூக்கி வைத்ததும் அவர்தான்.