நாலு வளையம் வைத்த ம

ஸ்வானே படகுக்குப் பெயின்ட் அடித்து முடித்தபோது பாக்கி ஒரே ஒரு எழுத்துதான். மனைவி மென்காவின் பெயரில் முதல் எழுத்து. அதுவும் கோயில் கல்லில் இருக்கிற பழைய க்ளகோலிட்சா எழுத்தில், முன்னால் இடப்பக்கம் ஒட்ட வேண்டும். புனித யோவான் திருநாளன்று வெர்ப்னிக் துறையில் ஊரே நிற்கையில் படகு தண்ணீரில் இறங்கும்.

மென்கா ஓஹ்ரித் ஏரிக்கரையிலிருந்து வாழ வந்தவள். பிள்ளைகள் தலையெடுத்து வேலைக்குப் போன பிறகும் துறையில் அவளுக்கு ‘வெளியூர்க்காரி’ என்றே பேர். ஊர்க் கல்லெழுத்திலேயே அவள் பெயர் ஏறிவிட்டால் அந்த வாய்கள் அடைத்துப்போகும் என்பது ஸ்வானேயின் கணக்கு.

எழுத்தை இணையத்தில் தேடிப்பிடித்து ஸ்டிக்கர் கடை நெவியாவுக்கு அனுப்பினான். அவனுடையது பழைய போன். அதில் அந்த எழுத்து வெறும் கட்டமாகத்தான் தெரிந்தது. கட்டத்துக்குள் இருப்பது ‘ம’தானே என்று நம்பி அனுப்பிவிட்டான். கல்லெழுத்து வாசிக்கத் தெரியாதவன், கடையிலிருந்து வந்த சுருளைத் திருநாளுக்கு முந்தின காலை அப்படியே பிரித்து ஒட்டினான். பக்கத்துப் படகுக்கார மிகுலா எட்டிப் பார்த்தான்.

“என்னப்பா, நண்டை ஒட்டி வெச்சிருக்க?”

“நண்டு இல்லடா. மென்காவோட ம.”

“நம்ம கல்லுல ம ரெண்டு காலு ஊனி நிக்கும். இதுக்கு நாலு வளையம் இருக்கே. வெளியூர்க்காரிக்கு வெளியூர் எழுத்தாவே பாத்து ஒட்டிட்ட போல.”

சுருக்கென்று தைத்தது. யாரைப் பேசவிடக் கூடாதென்று இத்தனை பாடோ, அவனே முதலில் பேசிவிட்டான். ஸ்வானே நேரே கடைக்குப் போனான். நெவியா அவன் அனுப்பியதைத் திரையில் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஸ்வானே பார்பா, கம்ப்யூட்டருக்குக் கண்ணு கெடையாது. எழுத்துக்கு ஒரு நம்பர், அதான் அதுக்குத் தெரியும். இந்த ம-வுக்கு ரெண்டு நம்பர் இருக்கு. நாலு வளையம் வெச்சது மூத்தது. நம்ம கல்லுல இருக்கிறது பின்னால வந்தது, அதுக்குத் தனி நம்பர். நீங்க அனுப்பினது மூத்ததோட நம்பர்.”

“ரெண்டுக்கும் சத்தம் ஒண்ணுதானே?”

“ஒண்ணேதான்.”

“அப்புறம் எதுக்குத் தனித்தனியா?”

“நீங்களும் உங்க தம்பியும் ஒரே வீட்லயா இருக்கீங்க?”

திராட்சைத் தோட்டத் தகராறில் தம்பி வேலி போட்டது ஊரறிந்த கதை. ஸ்வானே புது எழுத்தை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

துறையில் படகருகே மென்கா நின்றிருந்தாள். ஒரு கையில் செர்ரிப் பழக் கூடை, மறுகை விரல் வளையங்களின் மேல். மிகுலா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதை யாரு உனக்குச் சொன்னா?” என்றாள்.

“தப்பா வந்திடுச்சு. இப்பவே உரிச்சிடறேன்.”

“உரிச்சுத்தான் பாரேன்.” அவள் வளையங்களை மறைத்துக்கொண்டு நின்றாள். “எங்க ஊர்ல மே மாசம் எழுத்துத் திருநாள் வரும். பள்ளிக்கூடத்துல ஆளுக்கொரு எழுத்தை வரைஞ்சு சட்டையில குத்திக்குவோம். எனக்கு எப்பவும் இதான். வளையம் போட முடியலன்னு மத்த பொண்ணுங்க தொடவே மாட்டாங்க.”

ஸ்வானே கையிலிருந்த சுருளைப் பார்த்தான். “அப்ப இது?”

அவள் பிரித்துப் பார்த்தாள். ரெண்டு கால் ஊன்றிய ம. செர்ரிக் கொட்டையைத் தண்ணீரில் துப்பினாள்.

“படகுக்கு ஒரு பக்கந்தான் இருக்கா?”

நாலு வளையம் இடப்பக்கமே நின்றது. கல்லெழுத்து வலப்பக்கம் ஏறியது.

திருநாளன்று பாதிரியார் இரண்டு பக்கமும் தீர்த்தம் தெளித்தார். ஸ்வானே எல்லாருக்கும் வெள்ளை ஒயின் ஊற்றினான். மிகுலா சும்மா இருப்பானா?

“இப்ப இவ ஊர்க்காரியா, வெளியூர்க்காரியா?”

“கரையிலிருந்து பாத்தா, போறப்ப வலப்பக்கம் தெரியும், ஊர்க்காரி,” என்றாள் மென்கா. “வர்றப்ப இடப்பக்கம், வெளியூர்க்காரி. நீ வர்றப்பத்தானே மீனுக்குக் கையேந்துவ. யார்கிட்ட கேக்கணும்னு யோசிச்சுக்க.”

துறையே சிரித்தது. மிகுலாவும் சிரித்தான்.

மறுநாள் இருவரும் முதல் வலை போட்டுத் திரும்பினார்கள். நாலு வளையத்தைக் கரைப்பக்கம் காட்டிக்கொண்டு படகு மெல்ல உள்ளே வந்தது. மிகுலா வாளியோடு நின்றிருந்தான். ஒருதரம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மென்கா,” என்றான், “சாளை கெடைச்சுதா?”