எட்டுக் கண், இரண்டு வரிசை

என் மருமகன் நூலோடு வாழ்கிறவர் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்ததில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. கேட்டவர்கள் அவரைப் பெரிய படிப்பாளி என்று நினைத்துக்கொண்டால் அதற்கு நானா பொறுப்பு? எதிர்வீட்டுப் பல் டாக்டர் அம்மா ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, "இப்ப எந்த நூல்ல இருக்கார்?" என்று கேட்டார். "பச்சை நூல்" என்றேன். சுற்றுச்சூழல் ஆராய்ச்சி என்று முடிவு கட்டிக்கொண்டு, தலையை ஆட்டியபடி போனார்.

அது கம்பளி நூல். காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டு, எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் பொம்மைகளைப் பின்னுகிறார் மாப்பிள்ளை. வெறும் யானை, பூனை என்றால் நான் இத்தனை பேசமாட்டேன். அவர் செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கவலை இருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியும் ரயிலைத் தவறவிட்ட நத்தை. பலூனைப் பார்த்தாலே நடுங்குகிற முள்ளம்பன்றி. கழுத்துச் சுளுக்கிய ஒட்டகச்சிவிங்கி; அதன் மப்ளர் மட்டும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகும். சரி, மேசையின் இந்தக் கோடியிலிருந்து.

அந்த அறைக்குள் ஒருமுறை செய்தித்தாள் எடுக்கப் போனேன். வெளியே வரும்போது இரண்டு காலிலும் நூல் சுற்றி, பின்னால் ஒரு நரியை வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்தேன். நரி ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளைதான் பதறினார்.

"அத்தை, மெதுவா! அதுக்கு இன்னும் வால் தைக்கல."

"வாலே இல்லாம இந்தப் பாடு படுத்துதே மாப்பிள்ளை. வால் வெச்சீங்கன்னா நான் வீட்டை விட்டே போகணும்."

"வாலை இப்பவே தைச்சிடறேன் அத்தை" என்றார். மரியாதைக்குக் குறைவே கிடையாது. நானும் நீங்க, வாங்க என்றுதான் அழைப்பேன். மரியாதையோடு கிண்டல் செய்வதில் இருக்கிற சுகம், மரியாதை இல்லாமல் செய்வதில் வராது.

என் மகள் மட்டும் சிரிக்கமாட்டாள். ஆஸ்பத்திரி கணக்குப் பிரிவில் நாள் முழுக்க மற்றவர்களின் ஜுரத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வருகிறவள் அவள். புருஷனுக்கு ஒரு கெடு வைத்திருந்தாள். பொம்மை பின்னும் முறைகளை எல்லாம் எழுதி அவர் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தார். "அந்தப் புத்தகம் வந்தா ஊசி. வரலைன்னா கோட்டு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். கோட்டு என்றால் அலுவலகத்துக் கறுப்புக் கோட்டு. அதைச் சலவைக்குப் போட்டு, இஸ்திரி போட்டு, கூடத்துக் கதவுக் கொக்கியில் மாட்டியும் வைத்துவிட்டாள். அலுவலகத்தில் அவருடைய பழைய நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். அந்தக் கோட்டைத் தாண்டித்தான் மாப்பிள்ளை தினமும் சாப்பிட வரவேண்டும். தாண்டும்போது கொஞ்சம் குனிவார், அது தலையில் இடிக்கும் உயரத்தில் இல்லாதபோதும்.

பதிப்பகத்து அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். பொம்மைகள் பிடித்திருக்கின்றனவாம். ஆனால் பொம்மை அழகாக இருப்பது அவருக்கு முக்கியம் இல்லையாம்.

"பின்னலே தெரியாத ஒருத்தர், நீங்க எழுதினதை மட்டும் படிச்சு ஒரு பொம்மை பின்னணும். படம் காட்டக் கூடாது. நீங்க பக்கத்துல நின்னு வாயே திறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கறேன்."

பின்னலே தெரியாத ஒருத்தர் என்றதும் வீட்டில் இரண்டு ஜோடிக் கண்கள் என் பக்கம் திரும்பின.

நான் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என் குரல் கேட்டு, தூங்கிய ஓட்டுநர்கள் எழுந்ததுண்டு. போன பேருந்துகள் திரும்பி வந்ததாகவும் சொல்வார்கள், நான்தான் சொல்வேன். எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை எழுத்துப் பிசகாமல் வாசிப்பது என் வேலை. ஒருமுறை சீட்டில், "பதினேழாம் எண் வண்டி இன்று வராது, வந்துவிட்டது" என்று இருந்தது. அப்படியே வாசித்தேன். சீட்டில் இருப்பதுதான் சத்தியம். யோசிப்பது மேலதிகாரி வேலை.

அந்தக் கட்டுப்பாட்டோடு ஊசியைப் பிடித்தேன். மாப்பிள்ளையின் முதல் பக்கங்களில் நேர்ப்பின்னலும் புரட்டுப்பின்னலும் அவ்வளவு தெளிவாக இருந்தன, என் விரல்கள் ஆச்சரியப்பட்டுப் போயின. ஊசியில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு நூல் வளையத்துக்கும் கண்ணி என்று பேர். இத்தனை கண்ணி ஏற்று, இத்தனை கண்ணி குறை, திருப்பு. நானும் ஏற்றினேன், குறைத்தேன், திருப்பினேன். பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி ஆந்தை உருண்டு திரண்டு வந்தது. தலைக்குத் தொப்பி. இறக்கைக்கு அடியில் செருகிய ஒரு கம்பளி டார்ச். இவர் யாரோ ஒரு ராத்திரிக் காவல்காரர் என்று எனக்கே புரிந்துவிட்டது.

மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்ப்பார். பேசக் கூடாது என்பதால், ஏதாவது சொல்லத் தோன்றும்போதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். அந்த வாரம் எங்கள் தெருவில் குழாயே வற்றிவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, தாகமா? இல்ல தப்பா?"

தண்ணீர்.

"இந்தப் பக்கம் திருப்பணுமா, அந்தப் பக்கமா? சும்மா புருவத்தையாவது தூக்குங்க."

தண்ணீர்.

"அம்மா, அவரைப் படுத்தாதே" என்றாள் மகள்.

"நான் எங்க படுத்தறேன்? உன் புருஷன்தான் உட்கார்ந்தே இருக்கார்."

முகத்துக்கு வந்தேன். பக்கத்தின் கடைசி வரி அது, ஓரம் முட்டும்படி நெருக்கி எழுதியிருந்தார். "முகத்தில் கறுப்பு: எட்டுக் கண், இரண்டு வரிசை."

மறுபடி படித்தேன். எட்டுக் கண். இரண்டு வரிசை. கறுப்பு. ஆந்தைக்கு எட்டுக் கண் எதற்கு என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் நத்தைக்கு ரயில் எதற்கு? முள்ளம்பன்றிக்குப் பலூன் எதற்கு? இந்த மனிதரின் மூளைக்குள் நடப்பதற்கெல்லாம் நான் காரணம் கேட்கத் தொடங்கினால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். சீட்டில் இருப்பது சத்தியம்.

கறுப்பாக, ஒரே அளவில், எட்டு வேண்டும். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கூடத்துக் கதவில் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கைமுனையில், எதையும் பூட்டாமல் எதையும் திறக்காமல், ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் நாலு என்று கறுப்புப் பொத்தான்கள் சும்மா உட்கார்ந்திருந்தன. சும்மா இருப்பவர்களுக்கு வேலை கொடுப்பது புண்ணியம்.

முடித்த ஆந்தையை மேசைமேல் நிறுத்தினேன். மேலே நாலு கண், கீழே நாலு கண். மாப்பிள்ளை அதைப் பார்த்தார். எழுதிய தாளைப் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பிக் கூடத்துப் பக்கம் பார்த்தார். டம்ளரை விட்டுவிட்டு ஜக்கையே எடுத்துக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை பதிப்பகத்து அம்மா வந்தார். அவர் கைப்பை அத்தனை பெரியது, ஒரு சின்னக் குடும்பம் அதில் வாடகைக்கு இருக்கலாம். ஆந்தையைக் கையில் எடுத்தார். கவிழ்த்தார். தையலை இழுத்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மாட்டினார். மேசைமேல் வைத்தார், ஆந்தை அசையாமல் நின்றது. எட்டுக் கண்ணாலும் அவரைப் பார்த்தது.

"எதுக்கு எட்டு கண்ணு?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளையின் உதடு துடித்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் எப்படிச் சும்மா இருப்பது?

"இவர் ராத்திரிக் காவல்காரர்மா. ரெண்டு கண்ணோடதான் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாளே தூங்கிட்டார். முதலாளி திட்டின திட்டுல, மிச்சம் ஆறையும் தவணையில வாங்கி மாட்டிக்கிட்டார். இப்ப என்ன கஷ்டம்னா, தூக்கம் வந்தா எட்டுக்கும் சேர்ந்தாப்புல வருது. ஒண்ணு மாத்தி ஒண்ணு மூடச் சொன்னா, கீழ் வரிசை ஒத்துக்க மாட்டேங்குது. சங்கம் வெச்சிருக்காம்."

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கைப்பையும் சேர்ந்து குலுங்கியது. என் மகளே உதட்டைக் கடித்தாள். கப்பல் கரை சேர்ந்தது என்று நான் பெருமூச்சு விடும்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"அது தப்புங்க. என் தப்பு."

பின்னல் ஊசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மாப்பிள்ளையாயிற்றே என்று விட்டேன்.

"எட்டுக் கண்ணின்னு எழுதணும். எனக்கு எழுதிக்கும்போது வெறும் 'கண்'னு சுருக்கித்தான் எழுதுவேன், அந்தப் பழக்கத்துல ணியை விட்டுட்டேன். கறுப்பு நூல்ல எட்டுக் கண்ணி, ரெண்டு வரிசை பின்னினா ஒரு கோடு வரும். மூடின இமை. அவர் தூங்கற காவல்காரர். அத்தை எழுதினதை எழுதின மாதிரியே செஞ்சாங்க. கதை என்னைக் காப்பாத்தறதுக்குச் சொன்னது."

மகள் கதவுக் கொக்கியைப் பார்த்தாள். பதிப்பகத்து அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். பிறகு மற்ற வரிகளை, முதலிலிருந்து, ஆந்தையைத் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"இதுக்கு முன்னாடி நீங்க ஊசி பிடிச்சதே இல்லையாம்மா?"

"தைக்கிற ஊசி, டாக்டர் ஊசி. இந்த ஊசி இல்ல."

"மத்த எல்லாம் சரியா வந்திருக்கு. ஒரு கண்ணிகூட நழுவல." மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "உங்க எழுத்தை நம்பி ஒருத்தங்க ஆந்தைக்கு எட்டு கண்ணு வரைக்கும் போயிருக்காங்க. இவ்வளவு நம்பறவங்களுக்கு எழுதும்போது ஓர் எழுத்தைக்கூட விடக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க."

"அந்த ணியைச் சேர்த்துடுங்க. புத்தகம் போடறோம். தூங்கற காவல்காரர் ஒரு பக்கம், தூங்காத காவல்காரர் எதிர்ப் பக்கம். ஒவ்வொரு பொம்மைக்கும் பக்கத்துல அத்தை ஒரு கதை சொல்லணும்."

நான் ஆயுள் முழுக்கச் சீட்டில் இருந்ததை வாசித்தவள். இனி நான் ஊதிப் பெருக்குவதை அச்சடிக்கிறார்களாம்! எங்கள் தெருவே தாங்காது.

மாப்பிள்ளை சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் மறுபடி தண்ணீர் தேடினார். கிளம்பும்போது அந்த அம்மா ஆந்தையின் ஒரு கண்ணைத் தடவிப் பார்த்தார்.

"இந்தப் பொத்தான் எங்க வாங்கினீங்க? ரொம்ப நல்லா இருக்கு."

நான் கூரையை ஆராயத் தொடங்கினேன். மகளின் பார்வை ஆந்தையிலிருந்து கதவுக்குப் போனது. கோட்டின் இரண்டு கைகளும் மொட்டையாகத் தொங்கின, நூல் துணுக்குகளோடு.

"அம்மா!"

"கறுப்புன்னு எழுதியிருந்துச்சு."

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"அன்னிக்கே தெரியும். பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்களே."

மகள் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். மொட்டைக் கையைப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷத்துச் சிரிப்பு, எட்டுத் தெருவுக்குக் கேட்டது. கோட்டு இப்போது பின்னறையில் இருக்கிறது. அதன் பைகளில் நூல் உருண்டைகள் குடியிருக்கின்றன.

எதிர்வீட்டு டாக்டர் அம்மா கேட்டால், நூலோடு வாழ்கிறார் என்றே சொல்கிறேன். இப்போது இரண்டு வழியிலும் அது உண்மையாகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் சலிப்புதான்.

நேற்று அடுத்த பொம்மையின் தாளைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல எதிரில் உட்கார்ந்தார். நீச்சல் தெரியாத வாத்து. நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பேருந்து நிலையக் குரலில், ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். நடுவில் ஒரு வரியில் நின்றேன்.

"மாப்பிள்ளை, வாத்துக்கு முக்கால்னு போட்டிருக்கீங்க. மூணாவது காலை எங்க வெக்கட்டும்?"

அவர் டம்ளரை எடுத்தார்.