மாமன் மடி

பாண்டியம்மாளுக்குக் கூடப்பிறந்தவன் இசக்கிமுத்து ஒருத்தன்தான். அது விடியும்போது இருந்த நிலவரம். வெயில் ஏறுவதற்குள் வீரபாண்டிக் கல்யாண மண்டபம் கொள்ளாத அளவுக்கு அவளுக்கு அண்ணன்மார் பெருகிவிட்டார்கள்.

எல்லாம் பனியன் கம்பெனி முதலாளி திருமூர்த்தியின் மூளை. அவர் கட்சிக்காரர் தரணீதரன் கவுன்சிலருக்கு நிற்கிறார். வேட்பாளர் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று வரம்பு உண்டு. வார்டுக்கே கறிச்சோறு போட்டால் மாட்டிக்கொள்வார். திருமூர்த்தி கம்பெனி டெய்லர், பாண்டியம்மாளின் புருஷன் மூக்கையா, தன் மகள் அனுசுயாவுக்குக் காது குத்தி விருந்து வைத்தால் யார் கேட்பது? கட்சிக்கு நன்கொடை தர வந்த முதலாளிகள் கிடாய், சேலை, டி-சர்ட் என்று மேளத்தோடு கொண்டுவந்து 'தாய்மாமன் சீர்' என்று இறக்கினார்கள். சீருக்கு வரம்பு போடும் அரசாங்கம் இன்னும் பிறக்கவில்லை. ஒரு மாமன் லாரி நிறைய ஃபிளெக்ஸே சீராகக் கொண்டுவந்தார். அதில் தரணீதரனின் மீசை நீளத்துக்குக்கூடக் குழந்தையின் படம் இல்லை.

இசக்கிமுத்து அயர்ன் மாஸ்டர். மருமகளை மடியில் வைக்கவென்றே வாங்கிய வேட்டியைத் தானே தேய்த்துக் கட்டி வந்திருந்தான்.

"அத்தான், ஆசாரி வந்துட்டாரு. பிள்ளையத் தாங்க."

மூக்கையா தரையைப் பார்த்தான். "மாப்ள, மடியில தரணீதரன் அவுகதான் வைக்காகளாம். போட்டோ வேணுமாம்."

"எங்க அக்கா பிள்ளைக்கு அவுக எந்த வழியில மாமன்?"

"குடியிருக்கது முதலாளி லைன் வீடுல்லா."

அதற்குள் தேர்தல் பறக்கும் படை வந்து இறங்கியது. "கட்சி விருந்துன்னு புகார் வந்திருக்கு. குழந்தைக்குத் தாய்மாமன் யாரு?" என்றார் அதிகாரி.

திருமூர்த்தி தரணீதரனைக் காட்டினார். "இவருதானுங்க."

"கூடப்பிறந்தவரா?"

"கூடப்பொறந்த மாதிரிங்க. எங்கூருல மாதிரிக்குத்தானுங்க மரியாதை அதிகம்."

அதிகாரி இசக்கிமுத்துவின் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

ஒரு வார்த்தை போதும், மண்டபமே காலியாகிவிடும். அக்கா தூணைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தையைச் சொன்னால் அவள் சட்டிபானை தெருவுக்கு வரும்.

"பந்திக்கு வந்தேன் சார்."

"பாருங்க, பசியில நிக்கறாப்ல," என்றார் திருமூர்த்தி. "ஏனுங்க, இந்தத் தம்பிக்கு எலை போடுங்க."

போட்டார்கள். அங்கே தரணீதரனின் மடியில் ஆசாரி ஊசியை ஏற்றினார். குழந்தை "மாமா" என்று வீறிட்டது.

மண்டபத்தில் இருந்த அத்தனை மாமன்களும் "என்ன கண்ணு" என்று எழுந்தார்கள். இசக்கிமுத்து குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.