விதுலினின் மூன்றாம் பக்கம்

க்ரேஷோ விதுலின் சாகும்போது ஐம்பத்தெட்டு இசைத்தட்டுகள் வெளியிட்டிருந்தார். எங்கள் நாட்டில் ராக் இசையில் அவ்வளவு எழுதிக் குவித்தவர் வேறு யாருமில்லை. அவ்வளவு திட்டு வாங்கியவரும் யாருமில்லை. ஒரே தட்டில் ஊதுகுழல் இசைக்குழுவுக்கான இருபது நிமிட இசையும் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரியின் உள்ளாடையைப் பற்றிய பாட்டும் இருக்கும். எங்கள் துறைமுக நகரமான ரியெகாவில் ஒரு மதுக்கடையில் அவர் பெயரைச் சொன்னால் போதும், மேசை இரண்டாகப் பிரிந்துவிடும்.

எங்கள் மேசையும் அப்படித்தான் பிரிந்தது. ஆனால் அதற்குப் பல வருடங்கள் ஆயின.

எர்வினை முதலில் பார்த்தது எனக்குப் பதினாறு வயதில், விதுலினின் நான்காவது தட்டை வாங்க நின்ற வரிசையில். எனக்கு முன்னால் நின்றவன் கடைசிப் பிரதியை வாங்கிக்கொண்டு திரும்பினான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு வா, சேந்து கேப்போம்" என்றான். அன்று தொடங்கியது எங்கள் நட்பு. பிறகு நான் கப்பல் கட்டும் தளத்தில் வரைபடப் பிரிவில் சேர்ந்தேன். அவன் துறைமுகக் கிடங்கில் எழுத்தர் ஆனான். நிவெஸைக் கல்யாணம் செய்துகொண்டான். விதுலின் வருடத்துக்கு ஒன்று, இரண்டு என்று தட்டு போட்டுக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டாவது தட்டுக்குப் பிறகு எனக்கு அலுக்க ஆரம்பித்தது. எர்வினுக்கு அலுக்கவில்லை.

"அவன் கைக்கு வந்ததெல்லாம் வெளிய விடுறான்டா. நல்லது கெட்டது பாக்குறதே இல்ல" என்பேன்.

"பாக்க வேண்டியது நம்ம வேலை. அவன் வேலை எழுதுறது" என்பான் அவன்.

எண்பத்தேழில் நகர வானொலி ஒன்றில் எங்களுக்கு வியாழன்தோறும் மாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. நிகழ்ச்சி இதுதான்: விதுலினின் ஒரு தட்டை எடுத்துக்கொள்வது, சில பாட்டுகளைப் போடுவது, நான் கிழிப்பது, அவன் காப்பாற்றுவது. கேட்பவர்கள் தொலைபேசியில் சேர்ந்துகொள்வார்கள். மூன்று மாதத்தில் பேருந்தில் என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஆகிவிட்டது. மீன் சந்தையில் ஒரு பெண், "நீங்கதான அந்தத் திட்டுற ஆளு? என் வீட்டுக்காரர் உங்களுக்காகவே அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துடுறார்" என்றாள். அது எனக்குத் தலைக்கேறியது. நான் நினைத்ததைவிட ஒரு படி கூடுதலாகத் திட்டப் பழகினேன். நல்ல வசைகளை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு போவேன்.

'பல் வைத்தியரின் விடுமுறை' என்ற இரட்டைத் தட்டுக்கு வந்தோம். நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கத்தைக் கேட்டேன். பல் பிடுங்கும் ஒரு கொச்சைப் பாட்டை இழுத்து இழுத்துப் பாடியிருந்தார். அதற்குமேல் கேட்கப் பொறுமையில்லை. அடுத்த இரண்டும் இப்படித்தான் இருக்கும் என்று எடுத்து வைத்துவிட்டேன். ஒலிபரப்பில் அதைக் குப்பை என்றேன்.

"மூணாவது பக்கம் கேட்டியா?" என்றான் எர்வின்.

"கேட்டேன்."

"பொறுமையா கேட்டியா?"

"கேட்டேன்டா. அதுவும் குப்பைதான்."

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். "சரி, அவங்கவங்க ரசனை" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டான்.

அந்த இலையுதிர்காலத்தில் எர்வின் எனக்கு ஓர் ஒலிநாடா கொடுத்தான். சமையலறையில் உட்கார்ந்து தானே கிதார், தாளம் எல்லாம் வாசித்து, நான்கு தடங்களில் தனித்தனியாகப் பதிந்து சேர்த்த ஏழு நிமிட இசை. அவன் இசையமைப்பான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"நீ மட்டும் கேளு. எப்படி இருக்குன்னு உண்மையச் சொல்லு. வேற யாருக்கும் போட்டுக் காட்டாத" என்றான். காது சிவந்திருந்தது.

கேட்டேன். நன்றாக இருந்தது. விதுலினின் சாயல் நிறைய இருந்தது, ஆனால் நன்றாக இருந்தது. அதை அவனிடம் சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. எனக்கு வேறொரு யோசனை வந்தது.

அடுத்த வியாழன், எர்வின் எதிரில் உட்கார்ந்திருக்க, "இன்னைக்கு ஒரு ஆச்சரியம். விதுலினோட புதுப் பதிவு ஒண்ணு, இன்னும் வெளிவராதது, நம்ம கைக்கு வந்திருக்கு" என்று சொல்லி அந்த நாடாவைப் போட்டேன். இரண்டாவது நொடியில் எர்வினுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். தலையை மெல்ல ஆட்டி, வேண்டாம் என்றான். நான் சிரித்தேன். வேடிக்கை முடியும்போது அவனும் சிரிப்பான் என்று நினைத்தேன்.

தொலைபேசி விடாமல் அடித்தது. ஐந்து பேர் பேசினார்கள். "பத்து வருஷத்துல அவர் பண்ணதுலயே இதான் சார் உசத்தி" என்றார் ஒரு ஆசிரியர். ஒரு மாணவி, "இப்பதான் பழைய விதுலின் திரும்பி வந்திருக்காரு" என்றாள். எர்வின் மேசையைப் பார்த்தபடி இருந்தான்.

நான் ஒலிவாங்கியை அருகில் இழுத்தேன். நான் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை இன்றும் சொல்ல முடியும்.

"நேயர்களே, இது விதுலின் இல்ல. இதோ எனக்கு எதிர்ல உக்காந்திருக்காரே, துறைமுகக் கிடங்கு எழுத்தர், இவர் தன் சமையலறையில பண்ணது. இப்ப புரியுதா? ஒரு கிடங்கு எழுத்தர் முட்டை வேகுற நேரத்துல பண்ணிடக்கூடியதத்தான் நீங்க மேதைமைன்னு கொண்டாடுறீங்க."

வாதத்தில் நான் ஜெயித்திருந்தேன். கூடவே நண்பனையும் பாராட்டிவிட்டதாக, சத்தியமாக, எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது கடைசி அழைப்பு வந்தது. கரகரத்த குரலில் ஒருவர், "அப்போ இது வெறும் நகலா? அதான பாத்தேன், நடுவுல என்னவோ செத்துப்போன மாதிரி இருந்துச்சு" என்றார். அதற்கும் நான் சிரித்தேன்.

எர்வின் காதொலிப்பானைக் கழற்றி மேசையில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான், ஒலிபரப்பு நடந்துகொண்டிருந்ததே. மேலங்கியை எடுத்துக்கொண்டு, ஒலிப்பதிவாளரிடம் தன் நாடாவையும் வாங்கிக்கொண்டு வெளியே போனான். மீதி இருபது நிமிடத்தை நான் தனியாகப் பேசி ஓட்டினேன்.

இரண்டு முறை அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் நிவெஸ்தான் கதவைத் திறந்தாள். "அவன் இல்ல லிவியோ" என்றாள். அவன் காலணி அவள் பின்னால் கிடந்தது. மூன்றாம் முறை போகாததற்கு நான் அப்போது சொல்லிக்கொண்ட காரணம் கர்வம். உண்மையில் அது வெட்கம். பிறகு போர் வந்தது, வானொலி நிலையம் மூடியது, அவர்கள் லோஷின் தீவுக்குக் குடிபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்த ஒலிபரப்புக்கு இருபத்திரண்டு வருடம் கழித்து விதுலின் இறந்தார். பழைய நிகழ்ச்சியை நினைவில் வைத்திருந்த ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னை அழைத்தார். "அவரைத் திட்டியே பேர் வாங்குனவர் நீங்க. அஞ்சலி நீங்க எழுதுனா சுவாரசியமா இருக்கும்" என்றார். ஒப்புக்கொண்டேன். எழுதுவதற்காகத் தட்டுகளை இறக்கினேன். 'பல் வைத்தியரின் விடுமுறை'யின் இரண்டாவது தட்டை முதன்முறையாக உறையிலிருந்து எடுத்தபோது எனக்கு ஐம்பத்தைந்து வயது.

மூன்றாம் பக்கத்தில் சொற்களே இல்லை. முதல் பக்கத்துக் கொச்சைப் பாட்டின் அதே மெட்டை ஒற்றைக் கிதார் மிக மெதுவாக வாசிக்கிறது. நம்மைச் சிரிக்க வைத்த இடங்களில் எல்லாம் இப்போது இடைவெளி. பதினோரு நிமிடம். தன் சொந்தக் கேலியை அந்த மனிதர் தானே திரும்பிப் பார்த்து வருந்துவதுபோல் இருந்தது. முதல் இரண்டு பக்கத்தின் கொச்சை இல்லாவிட்டால் இந்த இசைக்கு அர்த்தமே இல்லை. எர்வின் அன்று சொல்ல வந்தது இதைத்தான்.

மறுநாள் லோஷினுக்கு, படகில் கடலைக் கடந்து போகும் பேருந்தில் ஏறினேன்.

எர்வின் அங்கே படகுகளுக்கான கயிறும் வண்ணப்பூச்சும் விற்கும் கடை வைத்திருந்தான். தலை முழுவதும் நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டான். "காபி குடிக்கிறியா?" என்றான். கடையின் பின்புறம் உட்கார்ந்தோம்.

"விதுலின் போயிட்டான்" என்றேன்.

"கேள்விப்பட்டேன்."

"எர்வின், மூணாவது பக்கத்த நான் அன்னைக்குக் கேக்கவே இல்லடா. பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அப்பவே. கேட்டிருந்தா நீ அப்படிப் பேசியிருக்க மாட்ட."

"பின்ன ஏன் அப்பவே சொல்லல? வாதத்துல நீ ஜெயிச்சிருப்பியே."

அவன் கரண்டியால் காபியைக் கலக்கினான். "ஊரே கேக்குது. அதுல உன்னப் பொய்யன்னு சொல்லணுமா?"

மன்னிப்புக் கேட்கத் தயாரித்து வந்த வாக்கியங்களில் ஒன்றும் அதற்குப் பொருந்தவில்லை. "என்ன மன்னிச்சிடு" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையாட்டினான். மன்னித்ததாகவும் இருக்கலாம், கேட்டுக்கொண்டதாகவும் இருக்கலாம்.

பிறகு அந்தப் பக்கத்தைப் பற்றி நானே பேச ஆரம்பித்தேன். எந்த இடத்தில் கிதார் நிற்கிறது, எங்கே மெட்டு திரும்புகிறது என்று. அவன் முகம் மாறும் என்று காத்திருந்தேன்.

"நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி லிவியோ. பாதி குப்பை. தட்டையெல்லாம் இங்க ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துட்டேன்."

"இல்லடா, நான் சொன்னது தப்பு. குப்பைன்னு தெரியுற இடத்துக்கும் அவன்கிட்ட காரணம் இருக்கு."

"காரணம் இருந்தா? கேக்குறவனுக்கு என்ன வந்துச்சு? எழுதி எழுதித் தள்ளினான், அவ்வளவுதான்."

"அவன் வேலை எழுதுறதுன்னு நீதான சொல்லுவ?"

"சின்ன வயசு" என்றான். கடையில் யாரோ மணியடித்தார்கள். எழுந்து போய் ஒரு மீனவருக்கு வெள்ளை வண்ணம் இரண்டு டப்பா எடுத்துக் கொடுத்தான். திரும்பி வந்தபோது பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

நிறுத்தம்வரை நிவெஸ் என்னோடு நடந்தாள். வழியில் அவளாகவே சொன்னாள்: "முப்பது நாடா வச்சிருந்தான். எல்லாம் அவன் பண்ணது. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவன் ஒண்ணையும் உடைக்கல, தூக்கிப் போடல. வாரத்துக்கு ஒண்ணா எடுத்து அது மேல கால்பந்து வர்ணனையப் பதிஞ்சான். ஏழு மாசம். நான் தடுத்திருக்கணும்."

"நீ என்ன பண்ணியிருக்க முடியும்?"

"ஒண்ணையாவது ஒளிச்சு வச்சிருக்கலாம்" என்றாள்.

அஞ்சலிக் கட்டுரையில் எல்லாவற்றையும் எழுதினேன். நாற்பது வருட இசையைப் பாதி கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னதையும், ஒரு நண்பனின் இசையை ஆயுதமாக்கியதையும். எர்வின் பெயரைப் போடவில்லை. ஆசிரியர் ஒரு வரியும் வெட்டவில்லை. ஒன்பது கடிதங்கள் வந்தன. ஆறு பேர், வயதாகி நான் இளகிவிட்டேன், பழைய லிவியோவே சரி, விதுலின் குப்பைதான் என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் இருவர் என் வசைகளை எனக்கே மேற்கோள் காட்டியிருந்தார்கள், ஒரு சொல் பிசகாமல்.

இப்போது வருடத்துக்கு இரண்டு முறை லோஷின் போகிறேன். சீட்டாடுகிறோம். என் முழங்கால் வலி, அவன் மகளின் வேலை, மத்தி மீன் விலை எல்லாம் பேசுகிறோம். அவன் நன்றாகச் சிரிக்கிறான், என்னைக் கேலி செய்கிறான். அந்த வீட்டில் வானொலிப் பெட்டி கிடையாது. போன முறை கிளம்பும்போது, கேட்கலாமா என்று வாசலில் நின்றேன். இன்னும் கிதார் ஏதாவது வாசிக்கிறாயா என்று. அவன் என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டான்.